சூரத்துக்குப் போனவரும் ஆறு பூசணிக்காய்களும்

செப்டம்பர் 8, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய்விட்டார். ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்காக.

மற்ற வீடுகளில் புருஷன் கோபித்துக்கொண்டு போனால் கௌரவமான காரணம் ஒன்று இருக்கும். குடி இருக்கும், சீட்டாட்டம் இருக்கும், ஆபீஸில் யாராவது ஒருத்தி இருப்பாள். சொந்தக்காரர்கள் வந்து சுற்றி உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. முட்டைக்கோஸுக்காகப் போய்விட்டார் என்று சொன்னால் யார் வந்து அழுவார்கள்?

நடந்தது இதுதான். மூன்று மாதமாக எங்களுக்கு இயற்கை விவசாயப் பண்ணை ஒன்றிலிருந்து புதன்கிழமை தோறும் காய்கறிப் பெட்டி வருகிறது. மருந்து கிடையாது, ரசாயன உரம் கிடையாது. கத்தரிக்காயில் புழு இருக்கும். அதுதான் நம்பகமான முத்திரை. உடம்புக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது என்றுதான் சேர்ந்தேன். எதிர் ஃபிளாட் சாருமதி சேர்ந்த மூன்றாம் நாள் நான் சேர்ந்தது தற்செயல்.

தண்டபாணிக்கு அது பிடிக்கவில்லை. (நேரில் பெயர் சொல்லமாட்டேன். எழுதினால் யார் கேட்பது?) ஞாயிற்றுக்கிழமை காலை சூப்பர் மார்க்கெட் போவது அவருக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. ஏசியில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ராஜநடை நடப்பார். வெண்டைக்காய் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்ப்பார். முட்டைக்கோஸின் மேல் இலைகளை எடை போடுவதற்கு முன்பே உரித்து, பக்கத்துக் காலிபிளவர் மேல் நைசாகத் தள்ளிவிடுவார். வாசலில் இலவசமாகத் தரும் காப்பியை இரண்டு முறை குடிப்பார். இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேறு ஆள் மாதிரி.

பெட்டி வந்த பிறகும் போனார். பெட்டியில் வந்த கோஸும் கடையில் வாங்கிய கோஸும் ஃபிரிட்ஜுக்குள் மோதிக்கொண்டு கதவு மூட மறுத்தது. நேற்று அதுதான் வெடித்தது.

“முன்ன பின்ன தெரியாத எவனோ ஒருத்தன் நான் என்ன திங்கோணும்னு முடிவு பண்றதா? எனக்கு வேணுங்கறதை நான் தொட்டுப் பாத்து எடுப்பேன்.”

“இனிமே கடைக்காய் இந்த வாசப்படி தாண்டி உள்ள வரப்படாதுங்க.”

“அப்ப நானு?”

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். “கடைக்காயோட நீங்களும் வெளிய நிக்கலாம்,” என்றேன்.

நின்றிருந்தால் பரவாயில்லை. நாலு சட்டை, ஷேவிங் டப்பா, கடையிலிருந்து வாங்கிய கோஸ் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வடவள்ளியில் இருக்கும் தன் தங்கச்சி பூங்கோதை வீட்டுக்குப் போய்விட்டார். 

தலைதீபாவளிக்கு மகள் தாரணியும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். சம்பந்தி வீட்டில் விஷயம் தெரிந்தால் என் மானம் கப்பலேறும். அதற்குள் அவர் வந்தாக வேண்டும். அவராக வர வேண்டும். நான் போன் செய்யமாட்டேன்.

சாருமதி கேட்டாள். கம்பெனி விஷயமாகச் சூரத் போயிருக்கிறார் என்றேன். மில் இயந்திர உதிரி பாகம் விற்கிறவர், சூரத் போகாமல் எங்கே போவார்?

செப்டம்பர் 9, செவ்வாய்

பண்ணையிலிருந்து போன் வந்தது. இரண்டு நிமிடம் பேசினேன். பிறகு மிக்ஸி ஜாரின் அடியில் இருந்த கறையைத் தேய்த்துக் கழுவினேன். 

செப்டம்பர் 10, புதன்

பெட்டி வந்தது. கொண்டுவருகிற குப்புராஜ் இரண்டு கையாலும் மார்போடு அணைத்து இறக்கினார். “பாத்துங்க்கா, நல்ல கனம்,” என்றார். கொத்தவரை, புடலை, இரண்டு கட்டு கீரை. அதோடு ஒரு முழு வெள்ளைப் பூசணிக்காய். குழந்தைக்குப் பவுடர் போட்டமாதிரி உடம்பெல்லாம் வெள்ளை.

இந்தப் பெட்டியில் இதுதான். நாம் நினைத்தது வராது. மண் எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பணிவு எனக்கு வந்துவிட்டது, தண்டபாணிக்கு வரவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். முழுப் பூசணிக்காயைப் பொம்பளைகள் வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வீட்டு ஆம்பளை முதல் வெட்டு போட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் நாம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். என் அம்மாவும் மாமியாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எம்.காம் படித்தவள். கத்தியை எடுத்தேன், பூசணியைப் பார்த்தேன், கத்தியைக் கழுவி வைத்துவிட்டேன். கத்தியில் தூசி இருந்தது.

கடையில் பூசணி பத்தையாக அறுத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருப்பார்கள். ஆம்பளை தேவையில்லை. இதை நான் கடைக்குச் சாதகமாக எழுதவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கக்கூஸ் ஆசிட் வாங்க சூப்பர் மார்க்கெட் போனேன். ஆசிட் எந்தப் பண்ணையிலும் விளையாது. கூடையில் கால் கிலோ பீன்ஸ் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

காய்கறிப் பக்கம் தள்ளுவண்டி கிறீச்சிடும் சத்தம். எட்டிப் பார்த்தால் அவர்! அரிசிச் சிப்பங்களுக்குப் பின்னால் சடாரென்று குனிந்தேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி குனிந்திருந்தாள். சாருமதி. 

“ரேணுக்கா! நீங்களா?”

“ஆசிட் வாங்க வந்தேன் சாரு.”

“நானும் ஆசிட்டுக்குத்தானுங்க்கா,” என்று மடியிலிருந்த காலிபிளவரைத் துப்பட்டாவால் மூடினாள். பெட்டி வாங்குகிறவர்கள் கடைக்காய் தொடமாட்டோம் என்று ஃபிளாட் குரூப்பில் பூ படம் போட்டு எழுதியவளே இவள்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இதைப் பற்றி இனி ஆயுசுக்கும் பேசப்போவதில்லை என்று ஒப்பந்தமாயிற்று.

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். “ஏனுங்க்கா, அது உங்க வீட்டுக்காரரில்லீங்களா? சூரத்துன்னீங்களே?”

அவர் இரண்டாவது காப்பிக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“அவரில்ல சாரு. அவரை மாதிரியே ஒருத்தர். பாரு, கண்ணாடி இல்ல. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணாடி இல்லாட்டி எதிர்ல யானை நின்னாலும் தெரியாது.”

அதே நிமிஷம் அந்த ‘மாதிரியே ஒருத்தர்’ நூடுல்ஸ் அடுக்கில் போய் மோதினார். முப்பது பாக்கெட் சரிந்தது.

சாருமதி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஆமாமுங்க்கா,” என்றாள் மெதுவாக. “மூக்கும் கொஞ்சம் வேற மாதிரித்தான் இருக்குது.”

போகிறபோது அவர் பூசணிப் பத்தை ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டார். தள்ளுவண்டியில் ஒரே ஒரு கேரட்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பண்ணையோடு போன் பேசினேன். இட்லிக்கு ஊறப் போட்டேன். ஒருத்திக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் வழக்கம்போலப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

மறுபடியும் பூசணி. முழுசு. மண்ணுக்கு என்னிடம் என்ன கோபமோ.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான் கடைக்குப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை. ஃபிளாட்டில் பாதிப் பேர் தண்டபாணி மாதிரியே இருக்கிற ஆளைப் பார்க்கப் போய்விட்டு வந்து எனக்குச் செய்தி சொன்னார்கள்.

செக்ரட்டரி சின்னச்சாமி அண்ணன் நேராகவே போய், “ஏனுங்க தண்டபாணி, சூரத்துல இருந்து எப்ப வந்தீங்க?” என்று தோளில் தட்டினாராம்.

அவர் அரை நிமிஷம் முழித்துவிட்டு, “ஆளு மாறிப்போச்சுங்க. நான் வடவள்ளிங்க. பேரு வேலுச்சாமி,” என்றாராம்.

வேலுச்சாமி என்பது அவருடைய செத்துப்போன சித்தப்பா பெயர். மனுஷனுக்கு அவசரத்துக்கு உயிரோடிருக்கும் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் பாருங்கள், தங்கச்சி வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. 

சாயங்காலம் சாருமதி கொத்தமல்லி கேட்க வந்தாள். வேலுச்சாமியைப் பற்றி எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயமாம்.

“கலகலன்னு பேசறாருங்க்கா. நம்ம தண்டபாணி அண்ணன் மாதிரி சிடுசிடுப்பு இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. “யாரு சிடுசிடுப்பு? அவரு மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டாரு. போன வருஷம் உங்க தண்ணி மோட்டார் எரிஞ்சப்ப, சோத்துல கைய வெச்சவரு கையக் கழுவிட்டு ஓடி வந்தாரே, மறந்துபோச்சா? வேலுச்சாமி வருவாரா?”

“வரமாட்டாருங்க்கா,” என்று ஒத்துக்கொண்டாள். “வேலுச்சாமி பாவம், ரொம்ப எளச்சுப்போயிட்டாரு. தங்கச்சி வீட்டுல தெனமும் கோஸ் பொரியலாமா.”

கொத்தமல்லி கேட்டவளுக்குப் புதினாவைக் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 24, புதன்

மூன்றாவது பூசணி. சாருமதி என் சமையல் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மூன்றையும் பார்த்துவிட்டு, “எம்பட பெட்டியில ஒண்ணுகூட வரமாட்டேங்குதே,” என்றாள். எனக்குப் பால் பொங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவள் விடவில்லை. “எங்க வீட்டுக்காரரை வரச் சொல்றேன். ரெண்டு போடு போட்டுக் குடுத்துட்டுப் போவாரு.”

“இன்னைக்கு நாள் சரியில்ல சாரு.”

“நாளைக்கு?”

“நாளைக்கு அதைவிட மோசம்.”

“தோட்டக்காரரு இருக்கறாரு, சின்னச்சாமி அண்ணன் இருக்கறாரு…”

“வெளி ஆளு வெட்டினா கசக்குமாம்.” இப்படி ஒரு சாத்திரம் எங்கேயும் கிடையாது. நின்ற நிலையில் நானே உண்டாக்கினேன்.

“ஓஹோ,” என்றாள் சாருமதி. அந்த ஓஹோவை அவள் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பூஜைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று குப்புராஜ் காலையிலேயே வந்துவிட்டார். நான்காவது பூசணி. 

கேட்டில் திருஷ்டி சுற்றி உடைக்கப் பூசணி வாங்க மறந்துவிட்டார்கள். சின்னச்சாமி அண்ணன் மாடியேறி வந்தார். “நாலு வெச்சிருக்கீங்களாமா, ஒண்ணு குடுங்கம்மா.” கொடுக்கவில்லை. இது மருந்தடிக்காத பூசணி, ரோட்டில் போட்டு உடைக்க மனசு வரவில்லை என்றேன். திருஷ்டிக்கு மருந்தடித்த பூசணியே போதும் என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். மனுஷர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். 

ஆயுத பூஜையன்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவர் வேலை. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, ஒரு தடவை ஞாபகமில்லாமல் என் மூக்குக் கண்ணாடிக்கும் வைத்துவிட்டார். இந்த வருஷம் நானே வைத்தேன். ஒன்றிலும் பொட்டு வட்டமாக வரவில்லை.

பொரி வாங்கக் கீழே இறங்கினால், என் ஸ்கூட்டி குளித்துவிட்டு நிற்கிறது. சந்தனம், குங்குமம், ஹேண்டில் பாரில் ஒரு முழம் செவ்வந்தி, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

வாட்ச்மேனைக் கேட்டேன். 

“தெரியலீங்ம்மா,” என்று தலையைச் சொறிந்தார். “நம்ம சார் மாதிரியே ஒருத்தர் வந்துட்டுப் போனாருங்க.”

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்த வேண்டும். வெகுநேரம் வண்டியை நகர்த்தவில்லை. கால் வலி.

அக்டோபர் 5, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். 

“அம்மா, அப்பா தீபாவளிக்கு சூரத்துல இருந்து வந்துருவாருல்ல?”

“சூரத்துன்னு உனக்கு யாரு சொன்னது?” நான் அவளிடம் சொல்லவே இல்லை.

“அப்பாதான் சொன்னாரு. அங்க ஒரே மழையாம். பின்னாடி பூங்கோதை அத்தை யாரையோ கோஸ் நறுக்கச் சொல்லிக் கத்திட்டு இருந்தாங்க. சூரத்துல அத்தைக்கு என்ன வேலைம்மா?”

“குஜராத்திலயும் அத்தைகள் இருப்பாங்க கண்ணு,” என்றேன்.

அவர் சொன்ன பொய்யும் என் பொய்யும் அச்சு அசல் ஒரே பொய். கடையில் சின்னச்சாமி அண்ணன் கேட்டபோது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அதை அவர் மறுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். சேர்ந்து வாழ்கிற நாட்களில்கூட நாங்கள் இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

தாரணி வைப்பதற்கு முன் சொன்னாள்: “அவரு வீட்டுல எல்லாரும் கேக்கறாங்கம்மா, மாமனார் ஊர்ல இருப்பாருல்லன்னு. அப்பா இல்லாட்டி எனக்குத் தலைதீபாவளியே வேண்டாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு தேவைப்படவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஐந்தாவது. மேடையில் இடமில்லை, பூஜை அலமாரிக்குக் கீழேயும் இடமில்லை. கட்டிலில் அவர் பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது? சுவரோரமாகப் படுக்க வைத்தேன். ஏசி போட்டால் காய்க்கு ஆகாது என்று அவர் துண்டைப் போர்த்திவிட்டேன்.

காலையில் காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். தூக்கக் கலக்கம்.

அக்டோபர் 12, ஞாயிறு

சாருமதி என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “ஆசிட் தீந்துபோச்சுங்க்கா, வாங்க.” இந்தக் கணக்கில் எங்கள் இரண்டு வீட்டுக் கக்கூஸும் இந்நேரம் கரைந்திருக்க வேண்டும்.

நேரே காய்கறிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். எதிரே கண்ணாடி இல்லாமல் அவர். நிஜமாகவே இளைத்துவிட்டார். சட்டைக் காலரில் இஸ்திரி இல்லை.

“வேலுச்சாமி அண்ணா, இவங்கதான் ரேணுக்கா. நான் சொல்லுவனே, உங்களை மாதிரியே ஒருத்தரு, அவரு சம்சாரம்,” என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டு, சாருமதி வெங்காயம் பொறுக்கப் போனாள். மூன்றடி தள்ளி நின்று ஒரே வெங்காயத்தைப் பத்து நிமிஷம் பொறுக்கினாள். 

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து என் புருஷனுக்கு வணக்கம் வைத்தேன்.

“வணக்கமுங்க.”

“வணக்கமுங்க,” என்றார். “உங்க வீட்டுக்காரரு சூரத்தாமா?”

“ஆமாமுங்க.”

“எப்ப வருவாருங்க?”

“அது அவரு இஷ்டமுங்க. தலைதீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வர்றாங்க.”

“கேள்விப்பட்டனுங்க.” ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார். “அவருக்கு என்னமோ கோவம்னு சொன்னாங்க?”

“கடைக்காயோட நீங்களும் வெளிய நிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங்க.”

“அடடா. அப்படிச் சொல்லலாமுங்களா?”

“சொல்லியிருக்கப்படாதுங்க.”

அவர் அடுத்த வெண்டைக்காயை ஒடிக்காமல் வைத்துவிட்டார். “அந்தாளு மட்டும் என்ன,” என்றார். “பொண்டாட்டி ஆசையா ஒரு பெட்டி வாங்கினா, அதுல என்னதான் இருக்குதுன்னு ஒரு நாளாவது தொறந்து பாத்திருப்பாரா? எனக்குத் தெரியாதுங்க. ஆளைப் பாத்தா அப்படித் தெரியுதுன்னு சொல்றேன்.”

“அவரைத் தப்பாப் பேசாதீங்க. நல்லவருங்க.”

“அந்தம்மாவும் நல்லவங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க.”

“சாப்பாடெல்லாம் எப்படிங்க?”

“கோஸுங்க.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கடையில் ஏசி அதிகம். “எங்க வீட்டுல அஞ்சு பூசணிக்காய் வெட்ட ஆளில்லாமக் கெடக்குதுங்க,” என்றேன்.

“வெட்டறதுக்கு ஃபிளாட்டுல ஆம்பளைக்கா பஞ்சம்?”

“வீட்டு ஆம்பளை வெட்டோணுமுங்க.”

அப்போது சாருமதி வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். “எனக்கொரு ரோசனை,” என்றாள். “தண்டபாணி அண்ணன் வர்ற வரைக்கும் வேலுச்சாமி அண்ணன் வந்து உக்காந்துட்டுப் போகட்டுமே? மாப்பிள்ளை புதுசு, அவருக்கென்ன தெரியப்போகுது? தாரணிகிட்ட நான் பேசிக்கறேன்.”

உலகத்தில் இதைவிடப் பைத்தியக்கார யோசனை கிடையாது. நானும் அவரும் ஒரே நேரத்தில், “அதுவும் சரித்தானுங்க,” என்றோம்.

அக்டோபர் 14, செவ்வாய்

பண்ணையிலிருந்து போன். பிறகு தலையணை உறைகளைத் துவைத்தேன். இரண்டையும்.

அக்டோபர் 15, புதன்

ஆறாவது பூசணி. மாப்பிள்ளை வருகிற வீட்டில் மூலைக்கு மூலை பூசணி உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? கட்டிலில் இருந்ததைப் பரணில் ஏற்றினேன். புதிதாக வந்ததை அரிசி டிரம்மில் இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். 

கால் மணி நேரத்தில் சாருமதி ஒரு டம்ளர் அரிசி கேட்டு வந்தாள். தானே எடுத்துக்கொள்கிறேன் என்று டிரம்மைத் திறந்தாள். டம்ளர் ‘டொக்’ என்றது. அரிசியை ஒரு கையால் விலக்கிப் பார்த்தாள். திரும்ப மூடினாள். என்னைப் பார்த்தாள். அரிசி வாங்காமலே போய்விட்டாள். எதிர் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகும் அவள் சிரிக்கிற சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வேலுச்சாமி வந்தார். கையில் அதே பை. சாருமதி கூட வந்து, அவருக்கு அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். 

“இது ஹாலுங்க. அது பாத்ரூம். சுவிட்சு வெளியில இருக்குது.”

“காத்தோட்டமா இருக்குதுங்க,” என்றார் தண்டபாணி, பதினான்கு வருஷமாக வீட்டுக்கடன் கட்டிய வீட்டைப் பார்த்து. 

பிறகு சட்டையைக் கழற்றி, யாரையும் கேட்காமல், கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினார். மூன்றாவது டிராயரைத் திறந்து பெரிய கத்தியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “எங்கே?” என்றார்.

மேடையில் மூன்று, பூஜை அலமாரியடியில் ஒன்று, பரணில் ஒன்று. ஆறாவதை அரிசிக்குள்ளிருந்து நான் தோண்டி எடுத்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம்.

தரையில் செய்தித்தாளை விரித்து, அரிவாளை ஓங்குகிறமாதிரி ஓங்கி முதல் பூசணியில் கத்தியை இறக்கினார். பாதியில் மாட்டிக்கொண்டது. பூசணியோடு கத்தியைத் தூக்கித் தரையில் தட்டினார். கீழ் ஃபிளாட்டிலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். நான் காயைப் பிடித்துக்கொண்டேன், அவர் கத்தியைப் பிடித்துக்கொண்டார், இருவருமாக இழுத்தோம். ‘சளக்’ என்று பிளந்து, விதையும் சாறும் என் முகத்தில்.

“எத்தனை வாரமா இப்படிச் சேத்து வெச்சிருக்கற?” என்றார். வேலுச்சாமி குரல் இல்லை அது.

“மண்ணு கொடுத்தா நான் என்னுங்க பண்ணட்டும்? இதுல நம்ம விருப்பமா இருக்குது?”

“ம்,” என்றார். இரண்டாவது பூசணியை எடுத்தார். “அந்தச் சூரத்துக்காரன் இனி வரமாட்டானாட்டத் தெரியுது. நானே இருந்துக்கட்டுமா?”

“இருங்க,” என்றேன். முகத்திலிருந்த சாறைத் துடைக்கத் துண்டு தேடினேன். அவர் துண்டுதான் கிடைத்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தாரணி வந்ததும் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். “சூரத் எப்படிப்பா?” என்றாள். “வாயத் தொறந்தா கோஸு,” என்றார். மாப்பிள்ளை, “குஜராத்தில் அப்படியா மாமா?” என்று மரியாதையாக ஆச்சரியப்பட்டார். நல்ல பையன்.

ஒரு பூசணி காசி அல்வா ஆயிற்று. ஒன்று மோர்க்குழம்பு, ஒன்று கூட்டு. ஒன்றைக் கீற்றுப் போட்டு ஃபிளாட் முழுக்கக் கொடுத்தேன். மீதி இரண்டை மாப்பிள்ளை காரின் டிக்கியில் ஏற்றிவிட்டோம், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சின்னச்சாமி அண்ணன் அல்வா சாப்பிட வந்து, “தண்டபாணி, உங்களை மாதிரியே ஒருத்தரு வடவள்ளியில இருக்கறாருங்க, நல்ல மனுஷரு,” என்றார். “நானும் கேள்விப்பட்டனுங்க,” என்றார் இவர். “எனக்கென்னமோ கொஞ்சம் சிடுமூஞ்சின்னு பட்டுது.”

பிரச்சினை தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு இருவரும் போவோம், சோப்பு வாங்க. காப்பி ஒரு முறைதான். காய் பெட்டியில்தான் வரும். யார் ஜெயித்தது என்று எழுதத் தேவையில்லை. பெட்டிதான்.

அக்டோபர் 21, செவ்வாய்

பண்ணையிலிருந்து போன். சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 22, புதன்

பெட்டி வந்தது. குப்புராஜ் இன்றைக்கு ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தது தண்டபாணி. கடையில் சொன்னதை ஞாபகம் வைத்து, பெட்டியைத் தானே பிரித்துப் பார்த்தார். பீர்க்கை, முள்ளங்கி, சின்ன வெங்காயம். பீர்க்கையை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்தார். கடைசியில் பெட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார்.

“ஏனப்பா, பூசணிக்காய் எங்கே? வாராவாரம் வருமாமே?”

குப்புராஜ் என்னை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த வாரம் அக்கா கேக்கலீங்களே.”